கீழ்க்கரையில் இரண்டு அங்குலம்

அன்று காலை பத்து மணி பதினேழு நிமிடத்துக்குத்தான் எல்லாம் பிழையாகப் போகத் தொடங்கியது. நேரத்தை நான் ஊகித்துச் சொல்லவில்லை. சந்திக் கடைக்காரி எனக்கு எடுத்த அழைப்பு தொலைபேசியில் இன்னும் இருக்கிறது. அழித்துவிட வேண்டும் என்று எடுத்துப் பார்ப்பேன். பார்த்துவிட்டு அப்படியே வைத்துவிடுவேன்.

“டீச்சர், வீட்டிலயோ நிக்கிறியள்?”

“ஓம். என்ன?”

“ரெண்டு பேர் மோட்டார் சைக்கிளில வந்து கேட்டவங்கள், படம் கீறுற மிஷின் வைச்சிருக்கிற பிள்ளையின்ர வீடு எதெண்டு. இஞ்சத்தை ஆக்கள் இல்லை. ஒருத்தர் கறுப்புப் பை ஒண்டு கொழுவியிருக்கிறார்.”

“நீ என்ன சொன்னனீ?”

“என்னத்தைச் சொல்லுறது? அது உருத்திரபுரத்தில எண்டு சொல்லி விட்டிட்டன். போய்த் திரும்பி வர எப்பிடியும் நேரம் எடுக்கும். நீங்கள் பாத்துக்கொள்ளுங்கோ.”

உருத்திரபுரம் கிளிநொச்சி நகரத்துக்கு அந்தப் பக்கம். நாங்கள் இருக்கும் வட்டக்கச்சி இந்தப் பக்கம். தெரியாத ஆட்கள் வந்து வீடு கேட்டால் எங்கள் பக்கத்தில் உடனே காட்டமாட்டார்கள். முதலில் வேறு எங்காவது அனுப்பிவிட்டு, பிறகு வீட்டுக்காரருக்கு அறிவிப்பார்கள். யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்த பழக்கமல்ல அது. சண்டை முடிந்து இத்தனை வருடமாகியும் போகவில்லை. அவள் செய்தது உதவிதான். அவளை நான் இன்றைக்கும் குறை சொல்லமாட்டேன்.

தொலைபேசியை வைத்தபோது அறைக்குள் மிஷின் இரைந்துகொண்டிருந்தது. அன்று நான் பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை போட்டிருந்ததே அந்த இரைச்சலுக்குக் காவல் இருக்கத்தான்.

என் மகளுக்கு இருபத்தாறு வயது. கணினி படித்தவள். வெளிநாட்டுக் கம்பனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே புரோகிராம் எழுதுகிறாள். அந்த வேலை முடிந்ததும் தன் வேலைக்குப் போய்விடுவாள். தன் வேலை என்று அவள் சொல்வது படம் கீறுவதை. ஆனால் பென்சிலையோ தூரிகையையோ அவள் கையில் எடுப்பதில்லை. விதிகளை எழுதுவாள். ஒரு கோடு இடது கரையில் தொடங்க வேண்டும், முன்னால் போன கோட்டை ஒட்டியே போக வேண்டும், ஆனால் தொடக்கூடாது, நடுவில் ஏதாவது மறித்தால் வளைந்து கொடுக்க வேண்டும். இப்படி நாலைந்து விதி. பிறகு அவளே பொருத்திய மிஷின் அந்த விதிப்படி கீறும். இரண்டு அலுமினியச் சட்டங்கள், பழைய பிரிண்டரிலிருந்து கழற்றிய மோட்டார்கள், பற்கள் வைத்த இறப்பர் பட்டி, ஒரு பேனை. பேனை மெல்ல ஊர்ந்து போகும், தூக்கும், ‘டிக்’ என்று திரும்பக் குந்தும். ஒரு தாள் முடியப் பதினொரு மணித்தியாலம்.

எது எங்கே மறிக்கும் என்பதை அவள் தீர்மானிப்பதில்லை. ஆறு பக்கத் தாயக்கட்டை ஒன்றை ஒன்பது தரம் உருட்டுவாள். வரும் ஒன்பது இலக்க எண்ணைக் கணினிக்குக் கொடுப்பாள். அந்த எண்ணிலிருந்துதான் படம் முளைக்கும். அதே எண்ணைத் திரும்பக் கொடுத்தால் அச்சொட்டாக அதே படம் வரும். ஒரு இலக்கம் மாறினாலும் வேறு படம். படம் முடிந்ததும் கடைசி வேலையாக மிஷினே அந்த எண்ணைத் தாளின் கீழ் மூலையில் சின்னதாக எழுதும். எழுதிய கையோடு கணினியிலிருந்து எண் அழிந்துவிடும்; இடையில் மின்சாரம் அறுந்து மிஷின் நின்றுபோனாலும் அப்படித்தான். வேறு எங்கேயும் அவள் எழுதி வைப்பதில்லை. அது அவளுடைய பிடிவாதம்.

“ஏன் பிள்ளை, ஒரு கொப்பியில எழுதி வைச்சால் என்ன?” என்று ஒருநாள் கேட்டேன்.

“தாள் ஆரிட்ட இருக்கோ அவைக்குத்தான் அந்த எண் சொந்தம் அம்மா. எனக்கும் இல்லை.”

எனக்கு அது விளங்கவில்லை. நான் கணிதம் படிப்பிப்பவள். எந்தக் கணக்குக்கும் பிரதி வேண்டும் என்று நினைப்பவள்.

கொழும்பில் நடக்கும் ஒரு கண்காட்சிக்கு அவளை எடுத்திருந்தார்கள். இதற்கு முதல் இரண்டு தரம் விண்ணப்பித்துக் கிடைக்காமல் போனது. சுவரில் அவளுடைய ஏழு தாள்கள். சுவருக்குக் கீழே தரையில் மிஷின். வருகிறவர்கள் பார்க்கப் பார்க்க, சுவரிலுள்ள எண்களை வாசித்து அதே ஏழு படங்களையும் மிஷின் ஒவ்வொன்றாகத் திரும்பக் கீறும். அதே எண், அதே விதி. ஆனாலும் மை ஊறுவதும் பேனை தேய்வதும் வேறாக இருக்கும். அந்த வித்தியாசத்தைத்தான் அவள் காட்ட விரும்பினாள். ஆறு தாள் முடிந்து, மட்டையில் வைத்துக் கட்டிலுக்குக் கீழே கிடந்தது. ஏழாவது அன்று ஓடிக்கொண்டிருந்தது. பேனை போதாமல் வந்ததால் அவள் காலை பஸ்ஸில் நகரத்துக்குப் போனாள்.

“மை காய்ஞ்சால் இந்தச் சிவப்புப் பொத்தானை அமத்துங்கோ. வேற ஒண்டிலயும் கை வைக்காதேங்கோ,” என்று சொல்லிவிட்டுத்தான் போனாள்.

நான் அறைக்குள் போய்த் தாளைப் பார்த்தேன். அதுவரை நூறு தரம் பார்த்த மாதிரியான படம்தான். ஒரு நாள் வாரிய தலைமயிர் மாதிரித் தெரியும், ஒரு நாள் மேலேயிருந்து பார்த்த வயல் வரம்புகள் மாதிரி. அந்த நிமிடம் அது எனக்கு வரைபடமாகத் தெரிந்தது. மேடு பள்ளம் காட்டும் கோடுகள். வளைந்து வளைந்து போகும் பாதைகள். நடுவில் எதையோ சுற்றி ஒதுங்கிப் போகும் வெற்றிடங்கள். ‘இந்த வெற்றிடத்தில என்ன இருக்கு?’ என்று விசாரணைக்கு வந்தவர்கள் கேட்டால் நான் என்ன சொல்வது?

சிவப்புப் பொத்தானை நினைக்கவில்லை. சுவரில் இருந்த பிளக்கை இழுத்துவிட்டேன். பேனை இருந்த இடத்திலேயே குந்தி நின்றது. அதன் நுனியைச் சுற்றி மை ஒரு மிளகளவுக்கு ஊறியது. மடிக்கணினியை மூடினேன். கட்டிலுக்குக் கீழே இருந்த மட்டையை இழுத்து, ஆறு தாளையும் நிலத்தில் விரித்தேன்.

அப்போதுதான் எண்கள் கண்ணில் பட்டன. மூன்று மூன்று இலக்கமாகப் பிரித்து, நடுவில் புள்ளி வைத்து, மிஷினின் துப்புரவான கையெழுத்தில். வரைபடம், கீழே இடம் குறிக்கிற மாதிரி எண்கள். ஆறிலும்.

அவை தாயக்கட்டை எண்கள் என்று எனக்குத் தெரியும். அதை எழுதியே ஆக வேண்டும், ஏனென்றால் பிறகு என் கணவரும் மகளும் மாறி மாறி இதைத்தான் கேட்டார்கள். எனக்குத் தெரியும். தெரிந்தும் தாள்களைத் திரும்ப மூடி வைக்கவில்லை. தாயக்கட்டை உருட்டினது என்று வாசலில் வந்து நிற்பவர்களுக்குச் சொல்லிப் பார்த்தேன், மனதுக்குள். எனக்கே அது நம்பக்கூடிய கதையாகப் படவில்லை.

எங்கள் சனத்துக்கு, பிடிபடக்கூடாத படங்களையும் தாள்களையும் எரிக்கவும் தெரியும், புதைக்கவும் தெரியும். என்னுடைய வழி கத்தரிக்கோல். எங்கள் கலியாணப் படத்தில், இயக்கத்தில் இருந்த என் அண்ணா எனக்கு வலது பக்கத்தில் நின்றவர். அவர் நின்ற இடத்தை நானே வெட்டி எடுத்தேன், இடம்பெயர்ந்து போய்க்கொண்டிருந்த வழியில், ஒரு மாமரத்துக்குக் கீழே இருந்து. படம் முழுவதையும் எறிய மனம் வரவில்லை. ஆபத்தான பகுதியை மட்டும் எடுத்துவிட்டால் மிச்சம் பிழைக்கும் என்று நினைத்தேன். மிச்சம் பிழைத்தது. அது கையில் படிந்துவிட்ட பழக்கம்.

லாச்சியைத் திறந்து கத்தரிக்கோலை எடுத்தேன். முதலில் எண் இருந்த மூலையை மட்டும் வெட்டப் போனேன். பிறகு நின்றேன். மூலை மட்டும் இல்லாவிட்டால் ஏதோ வெட்டி எடுத்தது தெரியும். ஆகவே பள்ளிக்கூட அடிமட்டத்தை வைத்து, இரண்டு அங்குலம் அளந்து, பென்சிலால் கோடு போட்டு, கோடு படாத வெறுங் கீழ்க்கரை முழுவதையும் ஒரே நேராக வெட்டினேன். ஆறு தாளையும். அவை பருத்தித் தாள்கள், தடிப்பு. வெட்ட வெட்டப் பெருவிரல் நொந்தது. இடையில் இரண்டு தரம் எழும்பிப் போய் வாசல் படலையைப் பார்த்துவிட்டு வந்தேன். வீதியில் ஒரு மாடு நின்றது. வேறு யாருமில்லை.

வெட்டிய ஆறு துண்டுகளையும் குசினிக்குக் கொண்டுபோய் அடுப்பில் வைத்தேன். தடிப்பான தாள் சுணங்கித்தான் பிடித்தது. முதல் துண்டு சுருளும்போது அதிலிருந்த இலக்கங்கள் எழும்பித் தெரிந்தன. நாலு, ஒன்று, நாலு. மிச்சத்தை நெருப்பு மூடிவிட்டது.

சாம்பலைக் கிளறிவிட்டேன். தாள்களைத் திரும்ப மட்டைக்குள் வைத்தேன். பிறகு காத்திருந்தேன்.

பதினொரு மணி. யாரும் வரவில்லை. பதினொன்றரை. முற்றத்தைக் கூட்டினேன், ஏற்கெனவே கூட்டியிருந்த முற்றத்தை. மகளுக்கு எடுக்கத் துணியவில்லை. என் கணவருக்கு எடுத்துப் பார்த்தேன். அவர் வயலுக்குப் போகும்போது தொலைபேசியை அலுமாரிக்கு மேலே விட்டுவிட்டுப் போகிறவர். அது அலுமாரிக்கு மேலே கிடந்து அடித்தது. வாய்க்கால் பக்கம் ஏதாவது மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் கதிரையிலிருந்து எழும்புவேன். சத்தம் தாண்டிப் போகும். திரும்ப இருப்பேன். வந்தால் என்ன சொல்ல வேண்டும் என்று ஒரு பதில் ஆயத்தம் செய்தேன். பிறகு அதையே எளிமையாக்கினேன். பிறகு அது பாடமாக்கிய பதில் மாதிரி இருக்கிறது என்று அதையும் கைவிட்டேன்.

பன்னிரண்டரைக்கு என் கணவர் சாப்பிட வந்தார். வாசலிலேயே நின்று மூக்கை உறிஞ்சினார்.

“என்ன மணம்?”

“தாள்.”

“என்ன தாள்?”

சொன்னேன். கடைக்காரி எடுத்தது, இரண்டு பேர், கறுப்புப் பை, எண்கள்.

“உனக்கென்ன விசரே? பிள்ளை கண்காட்சிக்குக் கொண்டுபோற படத்தையே வெட்டினனீ?”

“படத்தை வெட்டேல்லை. எண்ணைத்தான்.”

“எண் இல்லாட்டி அந்த மிஷின் அங்க போய் என்னத்தைக் கீறுறது?”

அந்தக் கேள்வி அதுவரை எனக்கு வரவில்லை. உண்மையாகவே வரவில்லை. படம் முழுசாக இருக்கிறது, ஒரு கோடு கூட வெட்டுப்படவில்லை என்றுதான் இரண்டு மணித்தியாலமாக என்னை நானே தேற்றிக்கொண்டிருந்தேன்.

அவர் போய்ப் படலையைக் கொழுவிவிட்டு வந்து சோற்றுக்கு இருந்தார்.

மகள் ஒன்றே முக்காலுக்கு வந்தாள். கொழுவியிருந்த படலையைத் தட்டி, அங்கே நின்றபடியே கேட்டாள்.

“ஏன் அம்மா சத்தத்தைக் காணேல்லை? கரண்ட் போட்டுதோ?”

நான் படலையைத் திறந்துவிட்டு வாய் எடுக்க முதல் அறைக்குள் போய்விட்டாள். ஏழாவது தாளில் ஊறியிருந்த மைப் புள்ளியை முதலில் பார்த்தாள். பிறகு மட்டையைத் திறந்தாள். முதல் தாள், இரண்டாவது, மூன்றாவது. ஆறாவதற்குப் பிறகு திரும்ப முதலாவதைப் பார்த்தாள். வெட்டிய கரையில் விரலை வைத்து இழுத்தாள்.

“வடிவா வெட்டியிருக்கிறியள். அடிமட்டம் வைச்சோ?”

“ஓம்.”

“துண்டுகள் எங்க?”

நான் குசினிப் பக்கம் பார்த்தேன். அவளுக்கு விளங்கிவிட்டது.

“அம்மா, அது தாயக்கட்டை. தாயக்கட்டை உருட்டின எண்.”

“எனக்குத் தெரியும் பிள்ளை.”

“தெரிஞ்சுமோ வெட்டினீங்கள்?”

“எனக்குத் தெரியும். அவைக்குத் தெரியாதே.”

“ஆர் அவை?”

ரெண்டு பேர், கறுப்புப் பை, அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது. அவள் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அழுதிருந்தால் எனக்கு என்ன செய்வதென்று தெரிந்திருக்கும். அவள் அழவில்லை.

“வேற ஏதும் வழி இருக்குத்தானே?” என்றேன். “படம் இருக்கு. படத்தைப் பாத்து எண்ணைக் கண்டுபிடிக்கேலாதோ?”

“ஏலும். எல்லா எண்ணையும் கணினிக்குள்ளயே ஒவ்வொண்டாப் போட்டு, வாற படத்தை இதோட ஒப்பிட்டுப் பாக்கலாம். ஒரு எண்ணுக்கு ஆறு செக்கன். ஒன்பது தரம் உருட்டினால் எத்தினை எண் வரும்? நீங்கள்தானே கணக்கு டீச்சர், பாத்துச் சொல்லுங்கோ.”

கோபத்தில்தான் சொன்னாள். ஆனாலும் நான் ஒரு கடதாசியை எடுத்துக் கணக்குப் போட்டேன். ஆறை ஒன்பது தரம் பெருக்க வேண்டும். ஒரு கோடிக்குக் கொஞ்சம் மேலே வந்தது. அதை ஆறு செக்கனால் பெருக்கி, நாளாக்கினேன்.

“எழுநூறு நாள்,” என்றேன். “இரவு பகலா விட்டால்.”

“கண்காட்சிக்கு இன்னும் ஆறு நாள்.”

அவள் கொழும்புக்கு எடுத்துக் கதைத்தாள். ஒழுங்கு செய்பவர்கள் நல்லவர்கள்தான், கோபிக்கவில்லை. எண் இல்லாவிட்டால் மிஷினுக்கு ஒதுக்கிய இடத்தை வேறு ஒருவருக்குக் கொடுக்க வேண்டி வரும், புதிதாகக் கீறியதை இனிச் சேர்க்க முடியாது, ஏற்கெனவே ஒப்புக்கொண்ட ஆறு தாளில் ஒன்றுக்காவது எண் கிடைத்தால் இடத்தை வைத்துக்கொள்ளலாம், நாளை மறுநாளுக்குள் முடிவைச் சொல்லுங்கோ என்றார்களாம். அவள் தொலைபேசியை வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் அடுப்பில் சுருண்ட அந்தத் துண்டு நினைவுக்கு வந்தது.

“நாலு, ஒண்டு, நாலு,” என்றேன்.

“என்ன?”

“முதல் வைச்ச துண்டு. அதில நாலு, ஒண்டு, நாலு எண்டு தொடங்கினது. நெருப்பு பிடிக்கேக்க பாத்தனான்.”

அவள் திரும்பினாள். “எந்தத் தாளின்ர?”

“மேல கிடந்தது. நீ முதல் எடுத்துப் பாத்தது.”

“சரியாத் தெரியுமோ அம்மா? ஒண்டோ, ஏழோ?”

“தாயக்கட்டையில ஏழு இல்லையே.”

முதல் தரமாக அவள் முகத்தில் ஏதோ அசைந்தது. மூன்று இலக்கம் தெரிந்தால் மிச்சம் ஆறு இலக்கம்தான். நான் திரும்பக் கணக்குப் போட்டேன். மூன்று நாளும் கொஞ்ச நேரமும். முடிவு சொல்வதற்கு இருந்தது இரண்டு நாள். பாதி வழியிலேயே கிடைத்தாலும் கிடைக்கலாம், கடைசி எண்ணாக இருந்தாலும் இருக்கலாம். அவள் மடிக்கணினியைத் திறந்து ஏதோ எழுதத் தொடங்கினாள். அரை மணித்தியாலத்தில் திரையின் மூலையில் ஒரு எண் ஓடத் தொடங்கியது. ஆறு செக்கனுக்கு ஒரு தரம் மாறும். நான் பின்னால் கதிரையைப் போட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு தரம் மாறும்போதும் நான் பார்த்தது நாலு ஒன்று நாலா, நாலு நாலு ஒன்றா என்று யோசித்தேன். யோசிக்க யோசிக்க அந்தத் துண்டு மங்கிக்கொண்டு போனது. அவளிடம் அதைச் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை. இதை எழுதும் இந்த நேரத்திலும் நான் கண்டதைத்தான் சொன்னேனா, அவளுடைய முகத்தைப் பார்த்துச் சொன்னேனா என்று எனக்குள் ஒரு தெளிவு இல்லை.

நாலு இருபத்தைந்துக்குப் படலையில் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது.

நான் எழும்பவில்லை. மகள்தான் போனாள். என் கணவர் பின்னால் போனார். முற்றத்தில் சத்தமாக யாரோ கதைப்பது கேட்டது.

“உருத்திரபுரம் முழுக்கச் சுத்திப்போட்டு வாறம் ஐயா. அங்க ஒரு சனத்துக்கும் மிஷினைப் பற்றித் தெரியாது. பிறகு டவுனில தொழுதுபோட்டு, சாப்பிட்டு, அங்க ஒரு தேத்தண்ணிக் கடையில விசாரிச்சால், வட்டக்கச்சிக் கணக்கு டீச்சற்ர மகளெல்லோ எண்டு சிரிக்கினம். காலமை நாங்கள் வட்டக்கச்சியிலதானே நிண்டனாங்கள்!”

தொப்பி போட்ட, அறுபதை அண்டிய ஒருவர் உள்ளே வந்தார். கூட வந்தவர் அவருடைய மருமகன். வவுனியாவில் படங்களுக்குச் சட்டம் போடும் கடை வைத்திருக்கிறவர்களாம். கண்காட்சிக்காரர் ஏழு தாளுக்கும் சட்டம் போட இவர்களிடம்தான் கொடுத்திருக்கிறார்கள். கொழும்பில்தான் சட்டம் போடுவார்கள் என்று மகள் நினைத்திருந்தாள். கொழும்பிலிருந்து இவளுக்குச் சொல்லியிருப்பார்கள் என்று அவர்கள் நினைத்திருந்தார்கள்.

“கண்ணாடி வெட்ட முதல் நேர ஒருக்கா அளந்து பாக்காட்டி எனக்குச் சரிவராது மகள்,” என்றார் அவர். “போனில சொல்லுற அளவை நான் நம்பிறதில்லை.”

கறுப்புப் பையைத் திறந்தார். உள்ளே ஒரு அளவு நாடா, ஒரு கொப்பி, காதில் செருகும் கட்டைப் பென்சில்.

நான் தேத்தண்ணி போடக் குசினிக்குப் போனேன். அடுப்பைப் பார்க்காமல் வைக்க முடியவில்லை. திரும்பி வரும்போது அவர் மேசையில் தாள்களை விரித்து அளந்துகொண்டிருந்தார். தாங்கள் ஆதியில் முல்லைத்தீவு ஆட்கள், இளந்தாரி வயதில், தொண்ணூறில் ஆட்கள் வந்து போகச் சொல்ல இடம்பெயர்ந்தது, இப்போது அங்கே ஒரு காணி மட்டும் இருக்கிறது என்று என் கணவருக்குக் கதை சொல்லிக்கொண்டே நாடாவை இழுத்தார். முதல் தாளை அளந்தார். கொப்பியைப் பார்த்தார். திரும்ப அளந்தார். கதை நின்றது. இரண்டாவது தாளையும் அளந்தார்.

“அகலம் சரி. உயரத்தில ரெண்டு அங்குலம் குறையுது. எல்லாத்திலயும்.”

மகள் என்னைப் பார்க்கவில்லை. திரையின் மூலையில் எண் மாறியது.

அவர் தாளைத் தூக்கி, வெட்டிய கரையை யன்னல் வெளிச்சத்துக்குப் பிடித்தார். பெருவிரலால் அதைத் தடவிக்கொண்டு போனார், ஒரு அந்தத்திலிருந்து மற்ற அந்தம் வரைக்கும். பிறகு தாளை மேசையில் மெல்ல வைத்துவிட்டு, மகளையோ என் கணவரையோ அல்ல, தேத்தண்ணித் தட்டோடு நின்ற என்னைப் பார்த்துக் குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

“டீச்சர், கோவிக்காதேங்கோ, ஒண்டு கேக்கிறன். இது நீங்களா வெட்டினதோ, இல்லாட்டி ஆரும் வந்து வெட்டச் சொன்னவையோ?”